ராஜம்மாவுக்கு ஒரு கோடி

எங்கள் கொல்லைக்குப் புதிதாக வந்திருக்கும் மேனேஜர் தம்பி நல்ல பிள்ளை. கோழி வளர்ப்புக்கென்றே தனியாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார். முட்டை பொரிப்பதற்கு, மண்ணெண்ணெய் விளக்கு வைத்த ஒரு பெட்டியை மதராசிலிருந்து தருவித்தார். அது வண்டியிலிருந்து இறங்கியபோது அக்கம்பக்கம் எல்லாம் வந்து வேடிக்கை பார்த்தது. கூட்டத்தில் ஒரு வாயாடி, "இந்தப் பொட்டி செய்யற வேலைய எங்க முனுசாமி அப்பவே செஞ்சாரு சார். மண்ணெண்ண செலவுகூட இல்ல" என்று போட்டுக்கொடுத்துவிட்டான். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். மேனேஜருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என்னை ஏன் 'அடைக்கோழி முனுசாமி' என்று கூப்பிடுகிறார்கள் என்று அன்றிலிருந்து என்னை நச்சரிக்கிறார்.

வாயால் சொன்னால் பாதியிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவார். அதனால் எழுதித் தருகிறேன். வேலையை விட்டு நின்றாகிவிட்டது. மாடு உதைத்த முழங்கால் என்னை உட்கார்த்தி வைத்திருக்கிறது. எழுதுவதற்கு இதைவிட நல்ல சமயம் ஏது?

விரிஞ்சிபுரத்துக்கும் பாலாற்றுக்கும் நடுவில் இருந்தது ராஜம்மாவின் கொல்லை. ஒரு கிணறு, இரண்டு பசு, கொஞ்சம் ஆடு, நிறையக் கோழி, கத்தரித் தோட்டம், ஓட்டு வீடு. இளந்தாரியாக அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருஷம் சாணி அள்ளினேன். இரண்டாம் வருஷமும் சாணிதான், ஆனால் கூட யாரும் நின்று மேற்பார்வை பார்க்கவில்லை. என் படிப்பு அவ்வளவுதான்.

ராஜம்மாவின் புருஷன் ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் செலக்சன் மேஸ்திரியாக இருந்து காலமானவர். பதம் போட்ட தோலைப் பலகைமேல் விரித்து, வெளிச்சத்தில் பார்த்து, விரலால் நிரடி, இது ஃபஸ்ட், இது செகண்டு, இது தேர்டு, இது ரிஜக்சன் என்று பிரித்துப் போடுவதுதான் அவர் வேலை. உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட இடம், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாதாம். அந்த மனுஷன் போகும்போது சொத்தாக இந்தக் கொல்லையையும், வியாதியாக அந்தப் பழக்கத்தையும் மனைவியிடம் விட்டுவிட்டுப் போனார். ராஜம்மா உலகத்தில் பார்த்த சகலத்தையும் செலக்சன் செய்தார்.

வரட்டியில்கூட செலக்சன் உண்டு. ஓரம் உடையாமல் வட்டமாகக் காய்ந்தது ஃபஸ்ட், விருந்தாளி வந்தால் அடுப்புக்கு. விரிசல் விட்டது செகண்டு, வீட்டுச் சமையலுக்கு. கோணல்மாணல் எல்லாம் தொழுவத்தில் கொசுப் புகை போட. ஒருமுறை நான் மாற்றி எரித்துவிட்டதற்கு, "ஃபஸ்ட்ட எடுத்து கன்னுக்குட்டிக்கு மூட்டம் போட்டிருக்கியே, அது இன்னா கலெக்டரா?" என்று கேட்டார்.

முட்டைக்கு நடக்கும் செலக்சன்தான் பெரிய சடங்கு. காலையில் தண்ணீர் இறைத்து, பால் கறந்து, ஆடுகளை ஓட்டிவிட்ட பிறகு, கிழக்கு வாசலில் பலகை போட்டு உட்காருவார். பனை ஓலையைக் குழாயாகச் சுருட்டி, அதன் ஒரு முனையில் முட்டையை வைத்து, மறு முனையில் கண்ணை வைத்து, சூரியனுக்கு நேரே பிடிப்பார். பிறகு காதோரம் கொண்டுபோய் மெல்ல ஆட்டுவார். பிறகு உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக் கனம் பார்ப்பார். இந்த நேரத்தில் நான் மூச்சு விடும் சத்தம்கூட அவருக்கு இடைஞ்சல். ஃபஸ்ட் முட்டை ஷாப்பு துரை பங்களாவுக்கு, செகண்டு வீட்டுக்கு, தேர்டு எனக்கு. ஆயுள் முழுக்க தேர்டு குவாலிட்டி முட்டைதான் சாப்பிட்டேன். அதில் என்ன குறை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மனுஷர்களும் தப்பவில்லை. தபால்காரர் செகண்டு, ஏனென்றால் படலைச் சாத்தாமல் போவார். விரிஞ்சிபுரத்து எண்ணெய்க்காரர் தேர்டு. "அப்போ நான் இன்னா குவாலிட்டிம்மா?" என்று ஒருநாள் ஆசையாகக் கேட்டேன். மேலும் கீழும் பார்த்தார். "நீ இன்னும் பச்சத் தோலாட்டம் சுண்ணாம்புக் குழியிலே ஊறிக்கினு கீறே. பதம் வரட்டும், சொல்றேன்" என்றார்.

ஆடுகளுக்கு அவரைக் கண்டால் ஆகாது. எதிரில் வருகிற பிராணி எதுவானாலும், விலாவுக்குமேல் தோலை இரண்டு விரலால் பிடித்து நிமிண்டி உருட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். அவர் பட்டிக்குள் நுழைந்தால் ஆடுகள் மொத்தமாக எதிர் மூலைக்குப் போய் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தங்கள் தோலின் மதிப்பு அதுகளுக்கும் தெரிந்திருந்தது போலிருக்கிறது.

ஒருமுறை தோல் ஷாப்புக்குக் கடுக்காய் ஏற்றிக்கொண்டு போன வண்டி எங்கள் படலுக்கு எதிரே குடைசாய்ந்து, ஒரு மூட்டை வாய் பிளந்துவிட்டது. வண்டிக்காரன் அள்ளியது போக மிச்சத்தை எங்கள் ஆடுகள் அள்ளிக்கொண்டன. கடுக்காய் தோலுக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வயிற்றுக்கு என்ன செய்யும் என்பதை மறுநாள் காலை பட்டிக்குள் கால் வைத்தபோது தெரிந்துகொண்டேன். ராஜம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் அவர் செலக்சன் செய்ய முன்வரவில்லை. "நீயே பாத்துக்க" என்று போய்விட்டார். அதைத்தான் என் முதல் பதவி உயர்வாக நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

இப்போது அவருடைய அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆற்றுக்கு அக்கரையில் ஏழுமலை என்று ஒருவர். ராஜம்மாவின் கூடப்பிறந்த ஒரே அண்ணன். பெரிய மீசை, பெரிய குரல், சின்ன விஷயத்துக்கும் குளமாகும் கண். அவர் ஒரு காளை வளர்த்தார். செவலை என்று பெயர். மாட்டுப் பொங்கல் அன்று கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்துக்கு மாலை போட்டு, ஊர் நடுவில் நிறுத்தி, "எப்டி கீறான் என் புள்ள?" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சியையும் கேட்டார்.

ராஜம்மா செவலையின் பக்கத்தில் போனார். விலாத் தோலை இரண்டு விரலால் பிடித்தார். நிமிண்டினார். உருட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

"தோலு பிரமாதம்ணா! ஒரு கீறல் இல்ல, ஒரு உண்ணிக் கடி இல்ல. ஃபஸ்ட் குவாலிட்டி!"

அவருக்குத் தெரிந்த பாஷையில் அதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது. பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிப் புகழ்ந்திருக்க மாட்டார். ஆனால் பொங்கல் நாளில், மாலையும் கழுத்துமாக நிற்கிற உயிருள்ள மாட்டைப் பார்த்து யாராவது தோல் நன்றாக இருக்கிறது என்பார்களா? ஏழுமலையின் மீசை துடித்தது.

"என் புள்ளய உசுரோட உரிச்சிட்டியே, ராஜி!" என்றார்.

அந்தக் கோடையில் ஏதோ நோவு வந்து செவலை செத்துப்போயிற்று. தங்கச்சியின் நாக்குதான் காரணம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். "நல்லதுதானே சொன்னேன்? நல்லது சொன்னா பொல்லாப்பா?" என்று தங்கச்சியும் முறுக்கிக்கொண்டார். அத்தோடு பேச்சு நின்றது. வருஷக்கணக்கில் நின்றது. நல்லதுக்கு இல்லை, கெட்டதுக்கு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் ராஜம்மா இரண்டு பேருக்கு மேல் பொங்கி வைத்துவிட்டு, ஆற்று மணல் பக்கம் பார்த்துக்கொண்டே வேலை செய்வார். யாரும் வர மாட்டார்கள். மிச்சப் பொங்கல் எனக்கு வரும். அதைச் சாப்பிட எனக்கு மனசே வராது, ஆனாலும் சாப்பிட்டுவிடுவேன். யார் முதலில் வாய் திறப்பது என்பதுதான் வழக்கு. இரண்டு பேரும் திறப்பதாக இல்லை.

அந்த நாளில்தான் வான்கோழி முட்டை வந்தது.

துரை பங்களாவின் பட்லரைத் தாஜா செய்து ஒரு கூடை வான்கோழி முட்டை வாங்கி வந்தார் ராஜம்மா. ஓலைக் குழாயில் பார்த்தார், காதில் வைத்தார், அத்தனையும் ஃபஸ்ட் என்றார். அப்படி ஒரு செலக்சனை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. எங்களிடம் அடைக்கு உட்கார்ந்த ஒரே கோழிக்குக் கீழே வைத்தோம். நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது. பாதி நாள் தாண்டிய பிறகு, ஒரு காலையில் போய்ப் பார்த்தால், கூடையைச் சுற்றி வெறும் சிறகு. கீரியின் வேலை. முட்டைகளை அது தொடவில்லை, கோழியே போதும் என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது. முட்டைகள் இன்னும் கதகதப்பாக இருந்தன.

"சில்லுனு ஆய்ட்டா எல்லாம் போச்சு" என்றார் ராஜம்மா. அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பக்கத்தில் அப்போது அடையில் இருந்த கோழி ஒன்றே ஒன்றுதான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஏழுமலை வீட்டில் இருந்த, கழுத்தில் சிறகே இல்லாத கழுத்தறுத்தான் கோழி. அடைக்கு உட்காருவதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. முட்டை இல்லாவிட்டால் அம்மிக் குழவிமேல்கூட உட்காரும் என்பார்கள். ராஜம்மா கூடையைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், மறுபடி கூடையைப் பார்த்தார். கடைசியில் வண்டிக்கார நாகண்ணாவைக் கூப்பிட்டார்.

நாகண்ணா பலமநேர் மலைப்பக்கத்து ஆள். தெலுங்கில் பாதி, தமிழில் பாதி பேசுவார். மீதி கையால் பேசுவார். எங்களுக்கெல்லாம் அது பழகிப்போயிருந்தது.

"அண்ணன் வூட்டுக்குப் போ. அடைக்கோழி ஒண்ணு ராஜம்மாவுக்கு வேணும்னு சொல்லு. கெஞ்சறா மாதிரி சொல்லாத. அங்க நிக்காத. தண்ணி குடுத்தா குடிக்காத. ஒரு வார்த்த ஜாஸ்தி பேசுன, உன்ன வண்டியில பூட்டிட்டு மாட்ட ஓட்டச் சொல்வேன்!"

"சரே அம்மா" என்று நாகண்ணா மணலில் இறங்கி நடந்தார்.

இங்கே ஒரு விஷயம். தெலுங்கில் கோழிக்குக் 'கோடி' என்று பேர். நாகண்ணா வாயில் கோழி என்கிற சொல் வரவே வராது, கோடிதான்; வேண்டும் என்பதும் 'காவாலி'தான். எங்கள் பக்கத்தில் கோடி என்றால் வேறு. ஒரு பெண் செத்துப்போனால், பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை கொண்டுவந்து அவள்மேல் போர்த்த வேண்டும். அந்தச் சேலைதான் கோடி. பிறந்த வீட்டுக்குச் சாவுச் சேதி சொல்லப் போகிறவன், செத்துவிட்டாள் என்று பட்டென்று சொல்ல மாட்டான். தலையைக் குனிந்து நின்று, 'கோடி எடுத்துக்கினு வாங்க' என்பான். அந்த வீட்டில் நிற்க மாட்டான். தண்ணீரும் குடிக்க மாட்டான்.

நாகண்ணா அக்கரைக்குப் போய், ஏழுமலையின் வாசலில் மரியாதைக்குத் தலையைக் குனிந்து நின்று, "ராஜம்மாவுக்கு கோடி காவாலி. சீக்கிரம் கொண்டாங்க" என்றார். யாரோ செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். வேண்டாம் என்று கையாட்டிவிட்டு விடுவிடுவென்று திரும்பினார். சொன்னதைச் சொன்னபடி செய்த திருப்தியில், வருகிற வழியில் கள்ளுக்கடையில் கொஞ்சம் இளைப்பாறினார்.

இங்கே எங்கள் வீட்டில் முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. ராஜம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ சூடா கீறியா?" என்றார்.

"ஜுரம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"பரவால்ல, போதும். படு."

நான் செய்யாத வேலை அந்தக் கொல்லையில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் பாய் போட்டார். வாணலியில் தவிட்டை வறுத்து, சூடு பொறுக்கும் பதத்தில் துணியில் பரப்பி, என் வயிற்றைச் சுற்றி முட்டைகளை அடுக்கி, மேலே பஞ்சு வைத்து, பழஞ்சேலையால் தளர்வாகக் கட்டினார். அடுப்படிச் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும் என்று என் தலையை அந்தப் பக்கம், தெற்கே வைத்தார். காற்று புகக் கூடாது என்று வெள்ளை வேட்டியால் தலையிலிருந்து கால்வரை போர்த்தினார். போதாதென்று தலைமாட்டில் ஒரு விளக்கையும் ஏற்றி வைத்தார்.

"அசைஞ்ச, தொலைச்சிடுவேன். அவரு குடுத்தாலும் குடுப்பாரு, குடுக்காட்டியும் போவாரு. நான் விரிஞ்சிபுரம் போய் எங்கனா அடைக்கோழி கெடைக்குதான்னு பாத்துட்டு வர்றேன்" என்று கூடையோடு கிளம்பிவிட்டார்.

கோழி ஏன் அடையில் அப்படிக் கண் சொருகிக் கிடக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த வெதுவெதுப்பில் எவனுக்கும் தூக்கம் வரும். நான் தூங்கிவிட்டேன்.

மேளச் சத்தத்தில்தான் விழித்தேன். ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்தேன். சத்தம் எங்கள் படலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. "ஐயோ ராஜி!" என்று ஒரு அலறல். அடுத்த கணம் ஏழுமலையின் சம்சாரம் என் கால்மேல் விழுந்தார். நல்ல ஆகிருதி உள்ள அம்மாள். முழங்காலுக்குக் கீழே எனக்கு உணர்வே இல்லை. பிறகு இன்னும் சில பெண்கள் விழுந்தார்கள். "அம்மா, நான் முனுசாமி" என்று சொல்லப் பார்த்தேன். வேட்டிக்குள்ளிருந்து முனகலாகத்தான் வந்தது. அதையும் மேளம் விழுங்கிவிட்டது. துள்ளி எழுந்திருக்கலாம்தான். ஆனால் வயிற்றைச் சுற்றி வான்கோழி முட்டை. "அசைஞ்ச, தொலைச்சிடுவேன்" என்ற வார்த்தை காதிலேயே இருந்தது. உள்ளபடி சொன்னால், பிணமாகக் கிடப்பதைவிட ராஜம்மாவின் வாய்க்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

மேலே புதுச் சேலை ஒன்று வந்து விழுந்தது. கஞ்சி வாசனை அடித்தது. கோடி!

"மூஞ்சத் தெறந்து பாத்துடலாம்" என்று யாரோ சொன்னார்கள்.

"வாணாம்" என்றது ஏழுமலையின் குரல். "அந்த மூஞ்சப் பாக்கற தைரியம் எனக்கு இல்ல."

பிறகு அவர் மேளத்தை நிறுத்தச் சொன்னார். என் தலைமாட்டில் உட்கார்ந்தார். அந்தப் பெரிய குரல் சின்னதாகிவிட்டது.

"ராஜி, செவல நோவுலதாம்மா செத்துச்சு. உன் நாக்காலே இல்ல. அன்னிக்கே எனக்குத் தெரியும். சொன்னா என் மானம் போய்டும்னு இருந்துட்டேன். அப்புறம் ஒண்ணு..." மூக்கைச் சிந்தினார். "அது செத்தப்புறம் தோலு வாங்க வந்த ஆளு தடவிப் பாத்துட்டு ஃபஸ்ட் குவாலிட்டின்னான். நீ சொன்ன அதே வார்த்தைய சொன்னான்மா. உன்கிட்ட வந்து சொல்லணும்னு எத்தினி தபா ஆத்துவரைக்கும் வந்திருக்கேன் தெரியுமா? பாதி மணல்ல நின்னு திரும்பிடுவேன்."

எழுந்து சொல்லிவிடலாம் என்றிருந்த எண்ணமும் போய்விட்டது. இது எனக்கு வந்த பேச்சு இல்லை. வரவேண்டியவருக்குப் பதிலாக நான் படுத்திருக்கிறேன். கேட்கக்கூடாது என்று காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால், பிணம் கையைத் தூக்கினால் நன்றாகவா இருக்கும்?

அந்த நேரத்தில் ராஜம்மா காலிக் கூடையோடு வாசலில் வந்து நின்றிருக்கிறார். கூட்டத்தையும் சேலையையும் பார்த்ததும், நான்தான் செத்துவிட்டேன் என்று நினைத்தாராம். முதலில் எனக்காகப் பதறினாராம், அதற்கப்புறம்தான் முட்டை ஞாபகம் வந்ததாம். இந்த வரிசையைப் பற்றி எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. ஆனால் அதற்குள் அண்ணன் பேசுவது காதில் விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டார். அத்தனையும் கேட்டார். பிறகு சத்தமில்லாமல் கூட்டத்துக்குள் நுழைந்து, குனிந்து, என்மேல் கிடந்த சேலையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தார். நிமிண்டினார். உருட்டினார்.

"இன்னாண்ணா இது, செகண்டு குவாலிட்டி? என் சாவுக்கு இதான் கெடச்சுதா உனக்கு?"

கூடம் ஒரு நொடியில் காலியாயிற்று. மேளக்காரர்கள் மேளத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஏழுமலையின் சம்சாரம் ஓடும்போது என் வயிற்றை ஒரு காலால் மிதித்துக்கொண்டு ஓடினார். சில முட்டைகள் அங்கே உயிரை விட்டன. ஏழுமலை மட்டும் ஓடவில்லை. கால் தரையில் பாவுகிறதா என்று தங்கச்சியின் பாதத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் அவர் முழங்கைத் தோலைப் பிடித்து, ராஜம்மா பிடிக்கிற மாதிரியே நிமிண்டினார்.

"இன்னா குவாலிட்டி?" என்றார் ராஜம்மா.

"ரிஜக்சன்" என்று சொல்லி ஏழுமலை ஓவென்று அழுதார். ராஜம்மாவும் அழுதார். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் அடித்துக்கொண்டு அழுதார்கள். எவ்வளவு நேரம் அழுதார்கள் என்று தெரியாது, ஆனால் என் தவிடு ஆறிவிட்டது.

"அப்போ உள்ள யாரு?" என்று அண்ணனுக்கு நெடுநேரம் கழித்துத்தான் கேட்கத் தோன்றியது.

"நான்தாங்க. மெதுவாத் தெறங்க, முட்ட கீது" என்றேன்.

ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, நாகண்ணாவும் வந்து சேர்ந்ததும் விசாரணை நடந்தது. "நேனு கோடிதானே கேட்டேன்? கோடி! கொக்கொக்கோ கோடி!" என்று இரண்டு கையையும் சிறகாக அடித்துக் காட்டினார். சாவுக்கு வந்த ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்றது ஏன் என்று கேட்டார்கள். "அம்மாதான் குடிக்காதன்னாங்க" என்றார். அதற்கும் சிரித்தார்கள். மேளக்காரர்கள் வந்த கூலிக்கு ஒரு கல்யாண அடி அடித்துவிட்டுப் போனார்கள்.

ஏழுமலை உட்காரக்கூட இல்லை. தானே ஆற்றைத் தாண்டிப் போய், கழுத்தறுத்தானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அது முட்டைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்த என்னையும் ஒரு கொத்து கொத்திவிட்டு, தன் வேலையைப் பார்க்க உட்கார்ந்தது. மிஞ்சிய முட்டையில் முக்கால்வாசி பொரித்தன. அதில் ஒரு சேவல் வளர்ந்து, வெள்ளை வேட்டி கட்டிய யாரைக் கண்டாலும் துரத்தியது. அதற்கு மட்டும் என்னால் காரணம் சொல்ல முடியும்.

எடுத்துவந்த கோடியைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது என்பது வழக்கம். என்ன செய்வது என்று எல்லாரும் விழித்தார்கள். "எங்கிட்டயே இருக்கட்டும். மறுபடி எடுத்தீன்னா இதவிட மட்டமாத்தான் எடுப்பே" என்றார் ராஜம்மா. மஞ்சள் கரு பட்டிருந்த ஓரத்தைத் துவைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டினார். கறை முழுசாகப் போகவில்லை.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "நீ பொணமாக் கெடந்தியே, அதான் உன் வேலையிலயே ஃபஸ்ட் குவாலிட்டி" என்றார். இத்தனை வருஷ சேவையில் எனக்குக் கிடைத்த ஒரே ஃபஸ்ட் அதுதான்.

அதற்கப்புறம் அது அந்தக் குடும்பத்தின் விளையாட்டாகிவிட்டது. அண்ணனைப் பார்க்கவேண்டும் போலிருந்தால் ராஜம்மா நாகண்ணாவை அனுப்புவார். நாகண்ணா அக்கரைக்குப் போய், தலையைக் குனிந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ராஜம்மாவுக்கு கோடி காவாலி" என்பார். தண்ணீர் நீட்டினால் வேண்டாம் என்று கையாட்டிவிட்டுத் திரும்பி நடப்பார். அந்த வீடே சிரித்து உருளும். கொஞ்ச நேரத்தில் ஏழுமலை கோழியோடு மணலில் இறங்குவார். ராஜம்மா அதன் தோலை நிமிண்டிப் பார்த்து செகண்டு என்பார். ஒருதரம்கூட ஃபஸ்ட் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் கோழி வருவது நின்றுவிடும் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். வருஷங்கள் இப்படிப் போயின. மாட்டுப் பொங்கலில் எனக்கு மிச்சப் பொங்கல் கிடைப்பதும் நின்றுபோயிற்று.

ஒரு தை மாதக் காலையில், கிழக்கு வாசலில் முட்டை பார்த்துக்கொண்டிருந்தவர், ஓலைக் குழாயைக் கையில் பிடித்தபடியே சுவரில் சாய்ந்துவிட்டார். கண்ணை மூடிக் கனம் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். மூச்சு சத்தம் வராமல் வழக்கம்போலப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெகுநேரம் நின்றேன்.

கூடத்தில், அடுப்படிச் சுவரோரம், தெற்கே தலை வைத்துப் படுக்க வைத்தோம். வெள்ளை வேட்டி போர்த்தி, தலைமாட்டில் விளக்கேற்றினோம். நாகண்ணா அக்கரைக்குப் போனார். பாவம், அவருக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தலையைக் குனிந்து நின்றார். ராஜம்மாவுக்குக் கோடி வேண்டும் என்றார். தண்ணீர் வேண்டாம் என்று கையாட்டினார். அந்த வீடு வழக்கம்போல் சிரித்தது.

ஏழுமலை படலைத் தாண்டும்போதே குரல் கேட்டது. "ராஜி! இந்த தபா ரெண்டு கோழி! ரெண்டும் ஃபஸ்ட் குவாலிட்டி! கொற சொல்லு பாக்கலாம்!"

இரண்டு கக்கத்திலும் இரண்டு கோழிகள். நான் வாசலிலேயே அவரைத் தடுத்திருக்க வேண்டும். அவர் என்னைக் கவனிக்காமல் கூடத்துக்குள் போனார். பாயையும் வேட்டியையும் விளக்கையும் பார்த்தார். பார்த்ததும் வெடித்துச் சிரித்தார்.

"டேய் முனுசாமி! மறுபடியும் முட்டையா? எழுந்திருடா!"

யாரும் சிரிக்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோழிகளை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. "கோடி எங்க? பொறந்த வூட்டுக் கோடி எங்க?" என்று பெரியவர்கள் யாரோ கேட்டார்கள். அவர் கோழிகளைப் பார்த்தார். அதற்குள் நான் போய்ப் பெட்டியைத் திறந்து அந்தச் சேலையைக் கொண்டுவந்தேன். அப்போதுதான் கோழிகளை இறக்கிவிட்டார். சேலையைத் தானே விரித்துத் தங்கச்சிமேல் போர்த்தினார். மஞ்சள் கறை இருந்த ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, நிமிண்டி, உருட்டிப் பார்த்தார்.

"செகண்டுதான் முனுசாமி" என்றார். "அவ சரியாத்தான் சொன்னா."